அட்டமி பிறக்க இன்னும் கொஞ்ச நேரம்

ஓர் எதுகைக்காக ஒருவருடைய திதியை மாற்றியவன் நான். சுற்றி வளைத்துச் சொல்லப் போனால் என்மேல் எனக்கே இரக்கம் வந்துவிடும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யுத்த காலத்தில் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். தையல் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே ஒடுங்கிப்போன இடம். ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சடித்த காலம் அது. கல்யாண அழைப்பிதழும் பில் புத்தகமும் அடித்தோம் என்றாலும், எங்கள் அச்சகத்தின் பெயர் நின்றது கல்வெட்டால்தான். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுத்தனுப்புவார்கள். அதைத்தான் கல்வெட்டு என்போம். படம், தேவாரம், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், வம்சாவளி, நன்றி நவிலல் என்று எல்லாம் அதில் வரும். ஊரைவிட்டு ஒரு பெட்டியோடு கொழும்புக்கு வந்த சனம்கூட இந்த வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டு வரவில்லை.

அதில் படத்துக்கு அடுத்த பக்கம் திதி வெண்பாவுக்கு உரியது. இறந்தவர் எந்த மாதம், எந்தப் பிறையில், எந்தத் திதியில் போனார் என்பதை நான்கு அடியில் கட்டிவைப்பது அது. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் திவசம் கொடுக்கும்போது குடும்பம் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து பார்க்கும். ஐயரும் அதைத்தான் கேட்பார். பாட்டாக இருந்தாலும் அது ஒரு பதிவு. அந்தப் பதிவை எழுதும் வேலை என் தலையில் தானாக வந்து விழுந்தது. எனக்கு யாப்புத் தெரியும், தெரியும் என்ற திமிரும் இருந்தது. தளை தட்டிய பாட்டை வாசித்தால் எனக்குப் பல் கூசும். அடுத்தவர் எழுதிக்கொண்டு வருவதைச் சிவப்புப் பேனையால் கிழித்துப் போடுவதில் எனக்கு ஒரு தனி ருசி இருந்தது என்பதையும் ஒளிக்க விரும்பவில்லை.

எழுத்துக் கோப்பவர் மாளிகாவத்தையிலிருந்து வருகிற ஒரு முஸ்லிம். எனக்குப் பத்து வயது மூத்தவர். எல்லோரையும் போல நானும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். தேவாரம் முழுக்க அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அச்சில் கோப்பதால் எழுத்துகளைத் தலைகீழாகத்தான் பார்ப்பேன் என்று அவரே பகிடி விடுவார்.

ஒரு புரட்டாதிக் காலையில் ஒரு பெண் தன் கணவனின் தமையனோடு அச்சகத்துக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். வெள்ளவத்தையில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் குடியிருப்பவர். அவருடைய கணவர் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். தாயைக் கொழும்புக்குக் கூட்டிவரலாம் என்று ஊருக்குப் போனவர், யுத்தத்தில் பாதை பூட்டிவிட்டதால் அங்கேயே மாட்டிக்கொண்டார். பிறகு காய்ச்சல் வந்தது. பெற்றோல் இல்லாத ஊரில் வாகனத்துக்கு மண்ணெண்ணெய் தேடிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அங்கேயே தகனம் செய்தார்கள். செய்தி கடிதமாக, யாரோ ஒருவர் கையில், இருபது நாள் கழித்துக் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. செத்தவீடே நடக்காத வீட்டில் அந்தியேட்டி வரப்போகிறது. புத்தகத்துக்கு எங்களிடம் இருந்தது ஒரு கிழமை.

தமையன் கல்கிசையில் இருப்பவர். காரியக்காரர்.

“நல்ல வெண்பா ஒண்டு வேணும் மாஸ்டர். நாலுபேர் பாக்கிற சாமான்,” என்றார்.

எழும்பும்போது அந்தப் பெண் கைப்பையைத் திறந்து, கொப்பியில் கிழித்த ஒரு தாளை மேசையில் வைத்தார்.

“தம்பி, நான் எழுதினனான். போடக்கூடியதாய் இருந்தால் போடுங்கோ. இல்லாட்டி அதில திதி இருக்குது, அதை எடுங்கோ.”

அவர்கள் போனபின் நான் தாளை விரித்தேன். அதில் இருந்தது இது:

சப்பாத்தை வாசலில் விட்டுவிட்டுச் செருப்போடு போனீர்கள்
பத்து நாளில் வருவேன் என்றீர்கள்
சொதிக்கு உப்புக் காணாது என்று ஒருநாளும் சொல்லாமல் விட்டதில்லை
இப்ப உப்புப் போட என் கைக்கு அளவு தெரியவில்லை
ஆவணி வளர்பிறை சப்தமி
அட்டமி பிறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்ததாம்
அந்தக் கொஞ்ச நேரம் யார் பக்கத்தில் இருந்தார்கள்
தண்ணீர் கேட்டீர்களா

சிரித்தேன் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் சிரித்தேன். நானாவிடம் தாளை நீட்டி, அலசத் தொடங்கினேன். அடி எட்டு, ஒன்றில் நாலு சீர், ஒன்றில் ஏழு, கடைசியில் இரண்டே இரண்டு. வெண்பா இல்லை, விருத்தம் இல்லை, ஆசிரியத்துக்குள்ளும் அடங்காது. ஒப்பாரி என்று சொல்லலாம் என்றால் ஒப்பாரிக்குரிய இழுவையும் இல்லை. கல்வெட்டில் யாராவது தேங்காய்ப்பால் சொதியைக் கொண்டுவருவார்களா? ஒரு கிளாக்கருக்குச் செருப்பும் சப்பாத்துமா அடையாளம்? கேள்வி கேட்டுவிட்டு ஒரு கேள்விக்குறிகூடப் போடவில்லை. இப்படியெல்லாம் சொன்னேன். பெரிய பண்டிதர் என்ற நினைப்பு.

நானா தாளை வாங்கி ஒருமுறை வாசித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை வாசித்தார்.

“இத அப்பிடியே போட்டா என்ன மாஸ்டர்? இதுல ஆள் இரிக்கிறாரு.”

“நானா, இது கல்வெட்டு. இதுக்கெண்டு ஒரு முறை இருக்கு,” என்றேன்.

அவர் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் வெண்பா கட்ட உட்கார்ந்தேன். அரைமணி நேரத்தில் முடிந்தது:

கட்டழகும் கல்வியும் கைவந்த நல்லாளன்
இட்டமுடன் ஈசன் இணையடியை - எட்டியநாள்
பட்டொளிசேர் ஆவணியில் பாங்காய் வளர்பிறையின்
அட்டமி யாகும் அறி.

ஆண்டின் பெயரைப் பாட்டுக்கு மேலே தனியாக அச்சடித்தோம். அதை இங்கே எழுதவில்லை. எழுதினால் வெள்ளவத்தையில் பாதிப்பேர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

யாப்புத் தெரிந்தவர்கள் இந்த வெண்பாவை அலகிட்டுப் பார்க்கலாம். ஒரு தளை தட்டாது. நாலடியிலும் ஒரே எதுகை. அடிக்கு அடி மோனை இருக்கிறது. ஈற்றுச்சீர் ‘அறி’ என்று மலர் வாய்பாட்டில் அழகாக முடிகிறது. பிழை ஒன்றே ஒன்றுதான். அவர் போனது சப்தமியில்.

தெரியாமல் செய்ததாக நடிக்கப் போவதில்லை. தாள் என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. மூன்று அடியும் ‘ட்ட’ என்று வந்து விழுந்தபின் ஈற்றடிக்கு வந்தேன். சப்தமி அங்கே உட்கார மறுத்தது. அதைச் சத்தமி என்று தமிழாக்கியிருந்தால் பத்தி, முத்தி, சித்தம் என்று எத்தனையோ எதுகைகள் வாசலில் வந்து நின்றிருக்கும். ஆனால் அதற்கு மூன்று அடியையும் கலைக்க வேண்டும். ‘கட்டழகும்’ என்ற தொடக்கம் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அட்டமி பிறக்கக் கொஞ்ச நேரம்தானே இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார், அந்தக் கொஞ்ச நேரத்தை யார் மணிக்கூடு பிடித்துப் பார்த்தார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் புரூஃப் பார்க்கத் தனியாக வந்தார். நெருப்புக்குப் பயந்தவர் போல விரல் நுனியால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு வாசித்தார். ஈற்றடியில் விரல் நின்றது.

“தம்பி, அட்டமி எண்டு இருக்குது.”

“ரெண்டு திதியும் முட்டுற நேரம் அக்கா. வெண்பாவில இப்பிடித்தான் வரும்,” என்றேன்.

வெண்பாவில் அப்படியெல்லாம் வராது. வெண்பாவுக்கு அந்தப் பாவம் தெரியாது. ஆனால் நான் சொன்ன தோரணையில் ஓர் ஐயரே நம்பியிருப்பார். அவர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

“அப்ப சரி. உங்களுக்குத் தெரியும்தானே,” என்றுவிட்டு, புரூஃபின் கீழே கையெழுத்து வைத்தார். தன் தாளைத் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. வேலை முடிந்த கையெழுத்துப் பிரதிகளைக் குத்திவைக்கும் கம்பியில் அதையும் குத்தினேன்.

அன்று மாலை அச்சடித்த முதல் பிரதியைத் தமையனிடம் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். காலி வீதியில் செக்பொயின்ற். எல்லோரையும் இறக்கினார்கள். என் பைக்குள் இருந்த தமிழ்ப் புத்தகத்தைக் கண்டதும் ஆமிக்காரனின் முகம் மாறியது.

“மேக்க மொகக்த?” என்றான், இது என்ன என்று.

“மள கெதர பொதக், மாத்தயா,” என்றேன். செத்தவீட்டுப் புத்தகம் என்று அர்த்தம்.

அவன் அட்டையைத் திருப்பினான். வெண்பா இருந்த பக்கத்தை அவனால் வாசிக்க முடியாது. எதிர்ப்பக்கத்தில் இருந்த படத்தைத்தான் பார்த்தான். வழுக்கை விழுந்த, ஒல்லியான, சேர்ட்டுப் பொக்கற்றில் இரண்டு பேனை குத்திய ஒரு மனிதர். கட்டழகு என்று எந்த வாயால் சொன்னேனோ தெரியாது. ஆமிக்காரன் புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் திருப்பித் தந்தான்.

அந்தியேட்டி நடந்தது. வெண்பாவை நாலுபேர் பாராட்டினார்கள். தமையனும் பாராட்டினார். நான் அதை மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ கல்வெட்டுகள். அந்த வருடங்களில் வெண்பாவுக்கா பஞ்சம்?

மூன்று வருடம் போனது. என் மனைவிக்குச் சிறுநீரக வருத்தம் வந்தது. ஆசுபத்திரியும் வீடுமாக ஒரு வருடம் இழுபட்டாள். வைகாசி மாதத்தில் ஒருநாள் காலையில் வார்ட்டில் அவளுக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டு, பின்னேரம் வருகிறேன் என்று சொல்லி அச்சகத்துக்குப் போனேன். மதியத்துக்கு மேல் அவளைப் பார்க்கத் திரும்புகிற வழியில் பஸ்ஸை மறித்தார்கள். அன்றைக்கு எங்கோ குண்டு வெடித்திருந்தது. கொழும்பில் தங்கும் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டைக் கேட்டார்கள். அதை நான் மற்றச் சேர்ட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். ஸ்டேஷனில் ஒரு நீள வாங்கில் எங்களை இருத்தினார்கள். பத்துப் பதினைந்து பேர் இருப்போம். ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டி, மனைவி ஆசுபத்திரியில் என்று சொன்னேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

அறிந்த ஒருவர் வந்து கையெழுத்து வைத்து என்னை எடுத்தபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. அவள் மூன்றரைக்கே போய்விட்டாள். பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா என்னிடம் ஏதோ சொல்லி அழுதார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மணித்தியாலக் கணக்காகச் சிங்களம் பேசிவிட்டு வந்தவனுக்கு அந்த நேரத்தில் ஒரு சொல் விளங்கவில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுடைய அந்தியேட்டிக்கு வெண்பா கட்ட உட்கார்ந்தேன். முதல் நாள் ஓர் அடி வந்தது. அதை நான் எங்கேயோ இன்னொருத்திக்கு எழுதியிருந்தேன். இரண்டாம் நாள் வேறோர் அடி வந்தது. அதுவும் யாருக்கோ எழுதியது. கற்புக்கரசி, பொற்கொடி, அற்புதவதி என்று எதுகைகள் வரிசையில் வந்து நின்றன. அவளைத்தான் காணவில்லை. ஈசன் அடியை இட்டமுடன் சேர்ந்தாள் என்று எழுதப் போய்ப் பேனையை வைத்துவிட்டேன். என்ன இட்டம்? அடுத்த மாதம் வெள்ளவத்தைச் சந்தையில் விளாம்பழம் மலியும், வாங்கித் தாருங்கள் என்று காலையில் கேட்டவள் அவள். அச்சகத்தில் எழுத்துப் பெட்டிகளுக்கு நடுவே இருந்து வாய்விட்டு அழுதேன்.

நானா போய்த் தன் மேசை லாச்சியைத் திறந்தார். ஒரு பிஸ்கற் தகரத்துக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். நடுவில் கம்பி குத்திய ஓட்டை.

“கம்பிய வெறுமையாக்கக்குள்ள இத எறிய மனசு வரல்ல மாஸ்டர். நான் எடுத்து வெச்சேன். வாசிச்சுப் பாருங்க,” என்றார்.

வாசித்தேன். இந்தமுறை அலசுவதற்கு நான் முயலவே இல்லை. ஆனால் யாப்புப் படித்த புத்தி, தன்பாட்டில் அலசியது. முதல் அடி நீளம், போகிறவரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் நீளம். ‘ஆவணி’ என்று சொல்லுமிடத்தில் அடி மூன்று சீராகக் குறுகுகிறது. அந்தச் செய்தியை அதைவிட நீட்டிச் சொல்ல அவருக்கு மூச்சு இருந்திராது. ஆவணி, அட்டமி, அந்த என்று அடுத்தடுத்து மோனை அமைந்திருந்தது, அவர் தேடாமலே. வெண்பாவின் கடைசி அடி மற்ற அடிகளைவிட ஒரு சீர் குறையும் என்பதை நான் எத்தனை தரம் ஆட்களுக்கு விளக்கியிருக்கிறேன். ஏன் குறைகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இவருடைய கடைசி அடியில் இரண்டே சீர். அதற்குமேல் ஒரு சொல் வராது. கேள்விக்குறி போடாததும் பிழையில்லை. பதில் வரும் என்று எதிர்பார்க்கிறவர்கள்தான் கேள்விக்குறி போடுவார்கள்.

வெண்பாவின் ஓசையைச் செப்பலோசை என்பார்கள். கேட்டதற்கு விடை சொல்லுகிற தொனி. என் வெண்பா யாரும் கேட்காததற்கெல்லாம் விடை சொல்லியிருந்தது. அழகைச் சொன்னது, கல்வியைச் சொன்னது, பட்டொளியைச் சொன்னது. அந்த ஆவணியில் கரண்ட் இல்லாத ஊரில் எரிந்தது சிமினி விளக்கு. அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று. யார் பக்கத்தில் இருந்தார்கள், தண்ணீர் கேட்டாரா என்றுதான் கேட்டார். மூன்றரை மணிக்கு என் மனைவியின் பக்கத்தில் யார் இருந்தார்கள்? தண்ணீர் கேட்டாளா? எனக்கும் அதைத்தவிர வேறொன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

பிறகுதான் ஐந்தாவது அடியில் கண் நின்றது. சப்தமி.

அட்டமி பிறக்க இருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் அந்தப் பெண்ணுக்கு மிச்சமிருந்த முழுச் சொத்து. அதை நான் ஓர் எதுகைக்காக எடுத்துக்கொண்டேன். திதி அன்றைக்கு இறந்தவர் பசியோடு வீட்டுக்கு வருவார் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. நான் நம்புகிறேனா என்பது இங்கே கதையில்லை. அந்தப் பெண் நம்புகிறவர். நாலு வருடமாக அந்த மனிதர் சப்தமியில் வந்து, அடுப்பு மூட்டாத வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார். மறுநாள் ஐயரும் சொந்தக்காரரும் இலைபோட்டுப் படைத்திருப்பார்கள், வராத ஆளுக்கு.

என் மனைவியின் கல்வெட்டில் வெண்பா இல்லை. மாதமும் பிறையும் திதியும் மட்டும், வசனமாக, ஒரு வரி. வெண்பாக்காரன் வீட்டிலேயே வெண்பா இல்லையா என்று இரண்டுபேர் கேட்டார்கள். இல்லை என்று சொன்னேன்.

ஆவணி வரும்வரை பொறுத்திருந்தேன். சும்மா ஒருநாள் போய்ச் சொல்லியிருக்கலாம். பயம்தான். என்ன செய்துவிட்டேன் என்று அவர் விளங்கிக்கொள்ளும் நேரத்தில் அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கடைசியில், திரும்பவும் ஒரு சப்தமி தவறிப் போவதற்குள் சொல்லியே ஆகவேண்டும் என்ற நெருக்கடி வந்தது. பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். சப்தமி அன்றே லீவு போட்டுவிட்டு, தாளை ஒரு கவருக்குள் வைத்து எடுத்துக்கொண்டு, முற்பகலில் அவருடைய அனெக்ஸுக்குப் போனேன். கடற்கரைப் பக்க ஒழுங்கை. ரயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும் வீடு.

கதவு திறந்திருந்தது. தாளித்த வாசம் வாசலுக்கே வந்தது. வாசலில் ஒருசோடிக் கறுப்புச் சப்பாத்து, பொலிஷ் போட்டு, வெளியே போகிற பக்கம் பார்த்து வைத்திருந்தது.

“ஆர், தம்பியே? உள்ளுக்கு வாங்கோ. உங்கட வீட்டு விசயம் கேள்விப்பட்டனான். அந்தியேட்டிக்கு வர ஏலாமல் போச்சுது,” என்றார். நாலு வருடத்தில் தலை பாதி நரைத்திருந்தது.

நான் நின்றபடியே கவரை நீட்டினேன். பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வசனங்கள் எல்லாம் போய்விட்டன.

“அக்கா, உங்கட தாளைக் கொண்டுவந்தனான். நான் அண்டைக்குச் சொன்னது பொய். வெண்பாவில அப்பிடி வராது. எனக்கு எதுகை வேணும் எண்டதுக்காகத் திதியை மாத்தினனான். அவருக்கு அட்டமி இல்லை. இண்டைக்குத்தான். சப்தமி.”

அவர் தாளை விரித்துப் பார்த்தார். கம்பி குத்திய ஓட்டையைப் பெருவிரலால் தடவினார்.

“தெரியும்,” என்றார்.

“தெரிஞ்சோ கையெழுத்து வைச்சனீங்கள்?”

“கல்கிசை அத்தான் நல்ல வெண்பா ஒண்டு வேணுமெண்டு நிண்டவர். புத்தகத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது. நீங்களும் படிச்ச ஆள், அடிச்சுச் சொன்னீங்கள். நான் என்னெண்டு மறிச்சுக் கதைக்கிறது? அச்சில வந்தால் பிறகு அதுதான் சரி. ஐயரும் அதைத்தான் பாக்கிறார்.” தாளை மடித்துக்கொண்டார். “அதோட தம்பி, அந்த வெண்பாவை எத்தனையோ தரம் வாசிச்சுப் பாத்தனான். கட்டழகு, பட்டொளி எண்டு… அது ஆரோ வேற ஆள். அந்த ஆளுக்கு அட்டமியாய் இருந்திட்டுப் போகட்டும் எண்டு விட்டிட்டன்.”

சத்தம் போட்டு ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னை ஏசவில்லை. உள்ளே கூட்டிப்போனார். சின்ன அறை. சுவரில் அந்தப் படம், இரண்டு பேனையோடு. அதன் கீழே நிலத்தில் ஒரே ஒரு வாழையிலை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, வாழைக்காய்ப் பொரியல், சொதி. இலைக்கு வலப்பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர்.

“நாளைக்குக் கல்கிசையில அத்தான் வீட்டில திவசம். நானும் போவன், சமைப்பன், எல்லாரும் வருவினம். அது புத்தகத்தில இருக்கிற ஆளுக்கு,” என்றார். “இண்டைக்கு இவருக்கு. ஒவ்வொரு வருசமும் இப்பிடித்தான். முதல்ல தண்ணியைத்தான் வைப்பன்.”

படத்துக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். அவருடைய கணவருக்காக அழுதேனா என் மனைவிக்காக அழுதேனா என்று இன்றைக்குக் கேட்டாலும் பிரித்துச் சொல்லத் தெரியாது. அவர் கற்பூரம் கொளுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். ஒரு ரயில் போனது. யன்னல் அதிர்ந்து ஓய்ந்தது.

பிறகு எனக்கும் ஓர் இலை போட்டார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

“ஒருத்தரும் இல்லாமல் ஒவ்வொரு வருசமும் தனியத்தான் சாப்பிடுறனான். இருங்கோ,” என்றார்.

சோற்றில் குழி பறித்துச் சொதியை விட்டார். நான் ஒரு வாய் வைத்ததும் தலையை நிமிர்த்திப் பார்த்தேன் போலிருக்கிறது.

“வேணுமெண்டுதான் குறைச்சுப் போட்டனான்,” என்றார், படத்தைப் பார்த்தபடி. “வந்து சொல்லட்டும்.”

சொதிக்கு உப்புக் காணாது. நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர் நான் இல்லை.